தம்பிக்கு ஏன் இல்லை?

எழுமலையில் அங்கன்வாடி டீச்சராக இருந்து போன வருஷம்தான் ஓய்வு பெற்றேன். காலையில் வரும் பிள்ளைகளின் வயிற்றைத்தான் முதலில் பார்ப்பேன். மல்லிகை பறிக்கப் போகும் அம்மா இருட்டிலேயே கிளம்பிவிடுவாள். தம்பியை எழுப்பிக் கூட்டிவருவது ஏழு வயது அக்கா. வயிற்றில் ஒரு பன்னும் அரை கிளாஸ் டீயும் இருக்கும், அதுவும் சில நாள்தான். அதே தெருவில் இன்னொரு பிள்ளை நெய் தோசை தின்றுவிட்டு, டை கட்டி, உசிலம்பட்டிக்கு வேன் ஏறும். இருவருக்கும் மூன்றரை வயது. நான் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போது நம்மவன் தூங்கி வழிவான். மந்தம் என்று பேர் வைக்க ஊரில் ஆளா இல்லை?

1975-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. மதிய வயிறு நிறைந்தது, மறுக்கவில்லை. 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில்தான் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. ஆனால் அது ஒன்றாம் வகுப்பில்தான் ஆரம்பிக்கிறது. அக்காவுக்கு உப்புமா கிடைக்கிறது. தம்பி பசியோடு பக்கத்துக் கட்டடத்துக்குள் நுழைகிறான்.

அரசுக்கு ஒரு வேண்டுகோள்: அதே அடுப்பில் இன்னும் இருபது கரண்டி சேர்த்துக் கிண்டச் சொல்லுங்கள்.