ஆட்டத்தை எழுதுவது யார்?

நாளிதழ் முடிவைச் சொல்லும், வார இதழ் ஆட்டத்தைச் சொல்லும் என்பது விளையாட்டு எழுத்தைப் பற்றி வழக்கமாகச் செய்யப்படும் பாகுபாடு. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இருந்துகொண்டு இரண்டையும் படித்துவரும் எங்களுக்கு இது பாதி உண்மையாகவே படுகிறது.

நம்மூருக்கு வரும் பதிப்பு முன்னிரவிலேயே அச்சேறிவிடுவதால், நள்ளிரவு தாண்டி முடியும் கால்பந்தாட்டத்தின் முடிவு அதில் இராது. இப்போது அந்த முடிவையும் கைப்பேசி சொல்லிவிடுகிறது. ஆக, நாளிதழுக்கு மிஞ்சியிருப்பதும் ஆட்டம்தான். ஆனால் அதை எழுத இடம் ஒதுக்குவதில்லை.

இது ஊடகத்தின் இயல்பு என்று சொல்வாருண்டு. நாங்கள் ஏற்கவில்லை. ‘தி இந்து’ நிறுவனம் 1947 முதல் 1968 வரை ‘ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்’ நடத்தியது. 1978இல் ‘ஸ்போர்ட்ஸ்டார்’ தொடங்கியது. 2017இல் மறைந்த நிர்மல் சேகர் டென்னிஸைப் பற்றி நாளிதழிலும் எழுதினார், இதழிலும் எழுதினார். இரண்டிலும் அதே பேனாதான். எழுதத் தெரிந்தவருக்கு இடமும் அவகாசமும் கொடுத்தார்கள், அவ்வளவே. (நம் பக்கத்துச் சிகையலங்காரக் கடைகளில் ‘ஸ்போர்ட்ஸ்டா’ரின் நடுப்பக்கப் படங்கள் பல்லாண்டு தொங்கின. கட்டுரைகள் அந்த அளவு ஊருக்குள் வரவில்லை. ஆங்கிலம் ஒரு காரணம்.)

தமிழில் நிலைமை வேறு. 2018இல் கட்டாக்கில் மணிப்பூரை 2–1 என வென்று தமிழகம் முதன்முறையாகத் தேசிய மகளிர் கால்பந்துப் பட்டத்தைப் பெற்றது. அந்த அணியில் ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். 1993இல் மாவட்டம் பிரியும்வரை கடலூரும் நாமும் ஒரே தென்னார்க்காடுதான். இத்தகையவர்களைப் பற்றி நம் வார இதழ்கள் எழுதுவதில்லை என்று சொல்ல முடியாது. வறுமை, பெற்றோரின் பாடு, அரசுக்கு ஒரு கோரிக்கை என்று எழுதுகின்றன. படித்தால் மனம் கசிகிறது. ஆனால் அவர் பந்தை எந்தக் காலில் வாங்குவார், நடுக்களத்தில் எப்படித் திரும்புவார் என்று தேடினால் ஒரு வரி கிடைக்காது. ஆட்டத்தைக் கழித்துவிட்டு ஆட்டக்காரரை மட்டும் போற்றுவது அவருக்குச் செய்யும் மரியாதைதானா என்று கேட்கத் தோன்றுகிறது.

இவ்விடத்தில் நாளிதழின் மாவட்டப் பக்கத்துக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். குறுவட்டப் போட்டி, வருவாய் மாவட்டப் போட்டி என்று பொடி எழுத்தில் பள்ளிப் பெயர்களும் மாணவர் பெயர்களும் வருகின்றன. எந்த வார இதழும் இந்தப் பெயர்களைத் தொட்டதில்லை. கோப்பை வழங்கும் பிரமுகரின் படம் பெரிதாக இருப்பது வேறு சங்கதி. நீளம் தாண்டிய பிள்ளை எத்தனை மீட்டர் தாண்டினாள் என்பது அச்சில் கிடைக்கிறதே, அது பெரிது.

கபடியை எடுத்துக்கொள்வோம். திண்டிவனத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் பொங்கலையொட்டி மின்விளக்கு வெளிச்சத்தில் விடியவிடிய நடக்கும். பாடி வருபவன் எதிரணியின் மூலைக்காரனைக் கண்ணால் ஒரு பக்கம் இழுத்து, காலை மறுபக்கம் நீட்டும் கணத்தை எழுதத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. 2009இல் ‘வெண்ணிலா கபடிக்குழு’ மூலம் திரைப்படம் இந்தக் களத்துக்குள் வந்துவிட்டது. 2014இல் புரோ கபடி தொடங்கியபின் தொலைக்காட்சியும் வந்தது. அச்சு மட்டும் எல்லைக் கோட்டுக்கு வெளியே நிற்கிறது. ஒரு திரைப்படத்துக்கு ஆறு பக்கம் விமர்சனம் எழுதும் சிற்றிதழ்கள் ஓர் இரவுப் போட்டிக்கு இரண்டு பக்கம் கொடுக்கலாகாதா? எழுதுகிறவர் புள்ளிக்கணக்கோடு தொடங்க வேண்டாம். எந்த ஊர் அணி, மண் ஈரமாக இருந்ததா, கடைசி ஐந்து நிமிடத்தில் யாரைப் பாட அனுப்பினார்கள், ஏன் அவனை அனுப்பினார்கள் என்று எழுதட்டும். பொங்கலுக்கு இன்னும் நாளிருக்கிறது.