ஒருவருக்குக் கைவினை, இன்னொருவருக்குக் குலத்தொழிலா?

இடைக்கால ஐரோப்பிய வீரர்கள் அணிந்த கைக்கவசத்தையும் கால்கவசத்தையும் வீட்டிலேயே கையால் செய்வது இன்று மேலைநாடுகளில் மதிப்பான பொழுதுபோக்கு. வேலை முடிந்து வந்தவர்கள் மாலையில் உட்கார்ந்து தோல் வெட்டுகிறார்கள், தகடு தட்டுகிறார்கள். கையில் தோல் வாடை ஒட்டியிருப்பதைப் பெருமையோடு சொல்கிறார்கள். அதே வாடைக்காக இங்கே ஒரு சமூகத்தையே ஊருக்கு வெளியே வைத்தார்கள். பேச வேண்டியது இதைத்தான் தோழர்களே.

முதலில் அந்த வேலையைப் பாருங்கள். அட்டையில் அளவு வெட்டி முன்கையில் சுற்றிப் பார்க்க வேண்டும். பிறகு நாலைந்து மில்லிமீட்டர் தடிமனான தோலை வெட்டி, நீரில் ஊறவைத்து, கையின் வளைவுக்கு வளைத்துக் காயவிட வேண்டும். கெட்டியாக வேண்டுமென்றால் சுடுநீரில் முக்கி எடுப்பார்கள். சூடு கூடினால் தோல் சுருங்கி நொறுங்கும், குறைந்தால் இறுகாது. அதன்மேல் இரும்புப் பட்டைகளை ரிவெட் அடித்து, வாரும் பக்கிளும் பொருத்த வேண்டும். முழங்கையில் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகர வேண்டும். அங்கே ரிவெட்டை இறுக்கிவிட்டால் கை மடங்காது.

இதற்கு குரோமில் பதனிட்ட தோல் உதவாது. பட்டை, காய் போன்ற தாவரப் பொருட்களில் பதனிட்ட தோல்தான் ஈரத்தில் வளைந்து, காய்ந்த பிறகும் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். ஐரோப்பியர்களுக்கு ஓக் மரப்பட்டை. நமக்கு ஆவாரம்பட்டையும் கடுக்காயும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் காலனி ஆட்சியில் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. எத்தனை நாள் ஊற வேண்டும், எப்போது தோல் பதமாகும் என்பதைத் தொட்டுப் பார்த்தே சொன்னவை சேரிக் கைகள். அது வேதியியல். சென்னை அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் அதே தோலைத் தொடுபவருக்குப் பெயர் விஞ்ஞானி. சேரியில் தொட்டவருக்குக் கிடைத்த பெயர் என்ன என்று உங்களுக்கே தெரியும்.

மிலான் நகரின் பிலிப்போ நெக்ரோலி 1543இல் செய்த தலைக்கவசம் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் அவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. லண்டனில் தோல் வணிகர் சங்கம் 1444இலும், கவசக் கைவினைஞர் சங்கம் 1453இலும் அரச சாசனம் பெற்றன. ஐரோப்பா ஒன்றும் சொர்க்கமல்ல. ஜெர்மன் நகரங்களில் செத்த விலங்கின் தோலை உரித்தவர்களை மானமற்றவர்கள் என்று ஒதுக்கியே வைத்தார்கள். ஆனால் கவசம் செய்தவருக்குப் பெயர் இருந்தது, சங்கம் இருந்தது, பேரம் பேசும் உரிமை இருந்தது.

இங்கே கேடயம், சேணம், வாளுறை என்று தோல் இல்லாமல் எந்த அரசன் போருக்குப் போனான்? அந்தத் தோலை உரித்துப் பதனிட்டுத் தைத்தவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டில் இருக்கிறது? தோல் வெட்டுபவர் கொடுத்த சோற்றை உண்டால் புகழ் அழியும் என்கிறது மனுஸ்மிருதி. அரசனின் புகழைக் காத்தது அவர் செய்த தோல். அவர் வீட்டுச் சோறு மட்டும் புகழைக் கெடுக்குமாம்!

இதெல்லாம் பழங்கதை என்று யாரும் நகர்ந்துவிட முடியாது. ஒன்றிய அரசு 2023 செப்டம்பர் 17 அன்று விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. அதன் 18 தொழில்களில் படைக்கலம் செய்பவரும் உண்டு, செருப்புத் தைப்பவரும் உண்டு. குடும்பத் தொழிலாகச் செய்பவருக்கு 5 சதவீத வட்டியில் முதலில் 1 லட்சம், பிறகு 2 லட்சம் கடன். வயது 18 ஆனால் போதும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து எந்தக் கல்லூரி என்று ஒரு பிள்ளை யோசிக்கும் வயது அது. அந்த வயதில் அப்பாவின் ஊசியையும் குத்தூசியையும் நீட்டுவதற்குப் பெயர் உதவியா? 1953இல் ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வியை விரட்டிய மண் இது. குடும்பத் தொழில் நிபந்தனையை நீக்கி, வயதை 35 ஆக்கச் சொல்லித் தமிழ்நாடு எதிர்த்தது சரியான எதிர்ப்பு.

"அப்படியானால் கைத்திறன் அழிந்துவிடுமே" என்று கவலைப்படுகிறார்கள். அமெரிக்காவில் இன்று கைக்கவசம் செய்பவருடைய தாத்தா கவசம் செய்தவரா? ஆசைப்பட்டார், கற்றுக்கொண்டார். நாளை சலித்தால் விட்டுவிடுவார், யாரும் அவர் பிறப்பைக் கேட்கப்போவதில்லை. தெரிவு செய்யும் உரிமை இருந்தாலே கைத்திறன் பிழைக்கும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? கலை அழியுமே என்று உருகுபவர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளையைத் தோல் பதனிட அனுப்பட்டும். நம் பிள்ளை பொறியியல் படிக்கட்டும். அவளுக்கே ஆசை வந்து தோலைத் தொட்டால், வடிவமைப்பாளராகத் தொடட்டும், தன் பெயரைப் பொறித்து விற்கட்டும்.

களப்பணியில், அப்பாவின் வேலையைச் சொல்லத் தயங்கும் மாணவர்களைப் பார்க்கிறேன். தயங்க வேண்டியவர்கள் நீங்கள் இல்லை. அந்த வேலையில் அறிவு இருக்கிறது என்று உரக்கச் சொல்லுங்கள். அந்த வேலை எங்கள் பிறப்பில் எழுதப்படவில்லை என்று அதைவிட உரக்கச் சொல்லுங்கள். முதலாவதை மட்டும் சொன்னால் பாரம்பரியம் என்று மாலை போட்டு மறுபடி அங்கேயே உட்காரவைப்பார்கள். இரண்டாவதை மட்டும் சொன்னால் நம் தாத்தாக்களின் அறிவை நாமே குப்பையில் போட்டவர்கள் ஆவோம். அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். திட்டத்தோடு உங்கள் தெருவுக்கு வரும் அதிகாரியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: தொழில் கற்றுக்கொடுக்க வந்த திட்டத்தில் 'குடும்பம்' என்ற சொல்லுக்கு என்ன வேலை?