ஏரி வரைக்கும் ரோடு கேட்பவர்களே...

பௌர்ணமிக்குப் பௌர்ணமி எங்கள் திருவண்ணாமலையைப் பார்த்திருப்பீர்கள். இடுப்பில் கைக்குழந்தை, கையில் பாட்டியின் கை, காலில் செருப்பு கிடையாது. அப்படியே 14 கிலோமீட்டர் கிரிவலம் வருவார்கள். குடும்பம் குடும்பமாக, விடிய விடிய.

அதே குடும்பத்தை ஜவ்வாது மலைக்குக் கூட்டிப்போங்கள். முதல் கேள்வி, "ஏரி வரைக்கும் கார் போகுமா?" அடுத்தது, "போட்டிங் இருக்கா?" எங்கள் வீட்டிலும் இதே கதைதான் :-)

ஜமுனாமரத்தூர் கோலப்பன் ஏரிக்கு ரோடும் உண்டு, படகும் உண்டு. நடக்க முடியாத பெரியவர்கள் போகட்டும், நன்றாக இருக்கட்டும். என் சண்டை, மலையில் தண்ணீர் தேங்குகிற இடத்துக்கெல்லாம் இதையே கேட்கிறவர்களோடு. ரோடு போட்டால் வண்டி வரும். வண்டி வந்தால் பஜ்ஜிக் கடை வரும். அப்புறம் கப்பு, கவர், பாட்டில். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. கிரிவலப் பாதை ஓரத்தில் அந்தத் தடை எங்கேயாவது கண்ணில் பட்டால் சொல்லுங்கள்!

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. "மலைப்பக்கமே போகாதே, ஆபத்து" என்பவர்கள். 2018 மார்ச் 11 குரங்கணியைக் காட்டுவார்கள். காட்டுத்தீயில் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள், மறக்கக்கூடாத விஷயம்தான். ஆனால் அது சொல்லும் பாடம் என்ன? புல் காய்ந்து கிடக்கும் கோடையில், அனுமதி இல்லாத பாதையில் போகாதே என்பது. நடக்கவே நடக்காதே என்பது அல்ல.

2024 டிசம்பர் 1 அன்று எங்கள் ஊரிலேயே மண் சரிந்து, ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் போனார்கள். அந்த வருஷம் தீபத்துக்குப் பக்தர்களை மலையேற விடவில்லை. சரியான முடிவு. மழையில் ஊறிய மண் பக்தனா, டூரிஸ்டா என்று பார்க்காது. ஆனால் செத்தவர்கள் மலையேறப் போனவர்கள் இல்லை சாமி, அடிவாரத்தில் வீட்டுக்குள் இருந்தவர்கள். ஏறுகிறவனைத் தடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கட்டும்.

குரங்கணிக்குப் பிறகு 2018-லேயே மலையேற்றத்துக்கு அரசு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு 'ட்ரெக் தமிழ்நாடு' வந்தது. ஆன்லைனில் பதிவு, உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகள். நல்ல யோசனை. நான் கேட்பது, இதையே பஸ்ஸில் வருகிற நாலு பேர் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகிற மாதிரி செய்யுங்கள் என்றுதான். மழை ஓய்ந்த பிறகு, காடு காய்வதற்கு முன்னால், காலையில் ஏறி இருட்டுவதற்குள் இறங்குகிற மாதிரி ஒரு பாதை. கூட வர ஒரு மலையாளி. (கேரளா இல்லைங்க, ஜவ்வாது மலையின் பழங்குடி மக்களுக்கு அதுதான் பெயர்.) மதியத்துக்கு அவர்கள் விளைவிக்கிற சாமையில் சோறு. நாம் கொடுக்கும் காசு ரோடு கான்ட்ராக்டருக்குப் போகாமல் அந்த ஊருக்குள்ளேயே நிற்கும்.

இதில் ஒரு சிரமமும் இல்லை. 14 கிலோமீட்டர் நடந்து பழகிய ஊர்க்காரர்கள் நாம். ஒரு ஏரிக்காக நாலு கிலோமீட்டர் நடந்தால் கால் ஒன்றும் தேய்ந்துவிடாது. ரோடு போட்டால் ஏரிதான் தேயும்.