நீலக் கோப்பை கூறும் நீதி

“பிறரைப் பார்த்துச் செய்வது இழிவு” என்பர் சிலர். “நல்லதைப் பார்த்துச் செய்தால் என்ன?” என்பர் வேறு சிலர். இவற்றுள் எது சரி? ஜார்ஜ் மன்னர்கள் நால்வர் ஆண்ட காலத்து (1714–1830) இங்கிலாந்தின் தேநீர் மேசை இதற்கு விடை கூறுகிறது.

அந்நாளில் வசதி படைத்த இல்லங்களில் விருந்தினருக்குத் தம் கையால் தேநீர் வழங்குவதை இல்லத்தரசியர் பெருமையாகக் கருதினர். மேசையை அலங்கரித்தவை சீனத்திலிருந்து கப்பலில் வந்த வெண்பீங்கான் கோப்பைகள். கைப்பிடியற்ற அக்கோப்பைகளில் மலையும் ஆறும் மண்டபமும் நீல நிறத்தில் தீட்டப்பட்டிருந்தன.

அவற்றின் அழகில் மயங்கிய ஆங்கிலேயர் தாமும் அவ்வாறே செய்ய முயன்றனர். இலண்டனை அடுத்த ‘போ’ என்னுமிடத்துத் தொழிற்சாலை, தன்னைப் ‘புதிய காண்டன்’ என்றே அழைத்துக்கொண்டது. 1751இல் வூஸ்டர் நகரிலும் ஒரு தொழிற்சாலை தோன்றியது. பின்னர் 1780களில் ஜோசையா ஸ்போடு ஒரு முறையைச் செம்மைப்படுத்தினார். செப்புத் தகட்டில் செதுக்கிய சித்திரத்தை மெல்லிய தாளில் எடுத்து, அதைப் பாத்திரத்தின்மேல் ஒட்டி, நீல வண்ணத்தைப் பதியவைத்து, மெருகிட்டுச் சுட்டனர். ஒவ்வொன்றையும் கையால் தீட்டும் வேலை குறைந்தது, விலையும் குறைந்தது. 1784இல் தேயிலை வரியும் வெகுவாகக் குறைக்கப்பட்டதால், சாதாரண இல்லங்களிலும் நீலக் கோப்பைகள் இடம்பெறலாயின.

இதனை நாம் களவு என்று கூறமாட்டோம். அவர்கள் பார்த்தனர், பயின்றனர், பல்லாண்டு உழைத்துப் புதுமுறை கண்டனர்.

ஆனால் ஒன்றை மட்டும் நம்மால் ஏற்க இயலவில்லை. வில்லோ மரம், பாலத்தில் மூவர், வானில் இரு பறவைகள் கொண்ட புகழ்பெற்ற ‘வில்லோ’ சித்திரம், 1790ஐ ஒட்டி இங்கிலாந்தில் உருவானது. காதலர் இருவர் பறவைகளாக மாறிய கதையொன்றைப் பின்னாளில் அங்கேயே புனைந்து, அதனைச் சீனரின் பழங்கதை என்று பரப்பிவிட்டனர். சீனத்தின் ஜிங்டெஷென் நகரில் தலைமுறை தலைமுறையாக இக்கலையை வளர்த்த கைவினைஞரின் பெயர்களை யாரும் கேட்கவில்லை. அவர்கள் சொல்லாத கதைதான் அவர்கள் பெயரால் நிலைத்தது. இது நியாயமா?

தோழியரே! பக்கத்திலிருப்பவளின் தாளைப் பார்த்தெழுதினால் அவ்விடை நமதாகாது. அவளிடம் கேட்டுப் பயின்று நாமே எழுதினால் அது நமதே. அப்போதும், “இவளிடம் கற்றோம்” என்று சொல்லத் தயங்கலாகாது. அவள் கூறாததைக் கூறினாள் என்று சொல்லவும் ஆகாது. கற்றுக்கொள்வதில் இழிவில்லை, கற்பித்தவரை மறப்பதே இழிவு.