முதல் நிரலுக்கு மாற்று வேண்டுமா?

நம் ஆய்வுக்கூடங்களில் இரவெல்லாம் கணக்கிடும் கணிப்பொறிகள் பல லினக்ஸில் ஓடுவன என்பதை அறிவியல் மாணவர் அறிவர். பொத்தானை அழுத்தியதும் கெர்னல் எழுகிறது. எழுந்ததும் ஒரு நிரலை ஓடவிடுகிறது. அதன் எண் 1. ஏனைய சேவைகளைத் தொடங்குவது அதன் பொறுப்பு. அந்த முதல் நிரல் எது என்பதில்தான் டெபியன் குழுவினர் இரண்டுபட்டனர்.

1993இல் பிறந்த டெபியன் தொண்டர் உழைப்பால் வளர்வது. அங்கு நெடுங்காலம் ஆண்டது சிஸ்வி-இனிட். ஷெல் ஸ்கிரிப்டுகளைக் கொண்டு சேவைகளைத் தொடங்கும் பழைய முறை. 2010இல் லென்னார்ட் பெட்டரிங், கே சீவர்ஸ் ஆகியோர் சிஸ்டம்டியை வெளியிட்டனர். அது பல சேவைகளை ஒருசேரத் தொடங்கும், விழுந்ததை எழுப்பும், பதிவேடும் வைக்கும். "ஒரு நிரலுக்கு ஒரு வேலை என்ற யூனிக்ஸ் நெறி என்னாயிற்று?" எனச் சிலர் சினந்தனர். 2014 பிப்ரவரியில் தொழில்நுட்பக் குழுவின் வாக்குகள் சரிபாதியாக, தலைவரின் வாக்கால் சிஸ்டம்டி வென்றது. ஏற்காதவர் பிரிந்து டெவுவான் கண்டனர்.

சிஸ்டம்டியே இயல்பாக அமைந்தது சரியென்பேன். விழுந்த சேவையை எழுப்ப ஆளில்லாத நள்ளிரவில் அதன் அருமை தெரியும். ஆயின், "ஒன்றே போதும், மற்றவற்றுக்குக் கதவடைப்போம்" என்பதை நான் ஏற்கேன்.

இரண்டைத் தாங்குவது வீண் உழைப்பு என்பர். உண்மையே, ஒவ்வொரு சேவைக்கும் இரண்டு கோப்புகள் எழுதி, இரண்டையும் சோதிக்க வேண்டும். ஆனால் சிஸ்டம்டி லினக்ஸ் கெர்னலிலன்றி ஓடாது. ஹர்ட் என்னும் வேறு கெர்னலுக்கு டெபியனிலேயே ஒரு பதிப்பு உண்டே! கதவை அடைத்தால் அது எங்கே போகும்? மேலும், பிற நிரல்கள் ஒன்றையே நம்பிப் பழகிவிட்டால், நாளை அதனினும் சிறந்தது பிறந்தாலும் மாற இயலாது. மூலநிரலைப் படிக்கும் உரிமை மட்டும் உரிமையாகுமா? மாற்றி வைக்கும் வழியும் வேண்டுமன்றோ?

2019 டிசம்பர் வாக்கெடுப்பில் டெபியன் கண்ட நடுவழி இதுவே: சிஸ்டம்டிக்கு முதலிடம், மாற்றுகளை ஆராய்வோர்க்கும் ஆதரவு. அதைக் காப்பது இருவர் கடமை. மாற்று வேண்டுவோர் முழங்கினால் போதாது. ஸ்கிரிப்டை எழுதிச் சோதித்துத் தரவேண்டும். அப்படி வந்த உழைப்பைச் சிறுபான்மையினர் கேட்டது என்று மென்பொருளைப் பேணுவோர் தள்ளலாகாது.

நண்பர்களே, உங்களில் ஷெல் அறிந்தவர் பலர். இதில் எக்கட்சி ஆனாலும் ஆகுக. ஒரு கோப்பையேனும் எழுதிக் கொடுத்துவிட்டு வாதிட வாருங்கள்!