கட்டை உலகில் மின்சுற்று

அயல் மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களில் இந்நாளில் ஒரு குறை பரவலாகக் கேட்கிறது. ‘பள்ளியிலிருந்து வந்ததும் பிள்ளை திரையின் முன் அமர்ந்து கட்டைகளை அடுக்கத் தொடங்கிவிடுகிறான்; கூப்பிட்டால் காதில் விழுவதில்லை’ என்பதே அது. அந்தக் கட்டை விளையாட்டு பெரும்பாலும் ‘மைன்கிராஃப்ட்’ என்பதாகவே இருக்கும். கண்ணுக்குக் கேடு, படிப்புக்கு இடையூறு என்னும் கவலைகள் நியாயமானவையே. ஆயினும் இத்திங்கள் நாம் ஆராயப் புகுவது வேறொன்று. அவ்விளையாட்டினுள் மின்சுற்று அமைக்கும் பகுதி ஒன்று உண்டு. சிறுவர்க்குத் தர்க்கத்தைக் கற்பிக்க அதைப் போன்ற விளையாட்டுப் பொருள் அரிது. அதன் பயன் முழுமையாகக் கிட்டாதபடி சில குறைகளும் அதில் இருக்கின்றன. அவை எவை, அவற்றைத் திருத்துவது எப்படி என்பதைப் பிள்ளைகளோடு பெற்றோரும் சிந்தித்தல் நலம்.

செந்தூளின் இயல்பு

சுவீடன் நாட்டினரான மார்க்கஸ் பெர்சன் படைத்த இவ்விளையாட்டு, 2009-ஆம் ஆண்டில் மக்களிடையே வந்தது. 2011-ஆம் ஆண்டு நவம்பரில் முழு வடிவம் பெற்றது. 2014-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் உடைமையாயிற்று. இதில் மலை, மரம், வீடு யாவும் கனசதுரக் கட்டைகளே. நிலத்தை ஆழத் தோண்டினால் கிடைக்கும் தாதுக்களுள் ‘ரெட்ஸ்டோன்’ என்னும் செந்நிறத் தாதும் ஒன்று. அதன் தூளைத் தரையில் கோடாக இட்டால் அக்கோடே மின்கம்பி ஆகிவிடும்.

இக்கம்பியில் ஓடும் விசைக்கு 15 படிகள் உண்டு. ஒவ்வொரு கட்டத்தைக் கடக்கும்போதும் ஒரு படி குறையும். 15 கட்டங்களுக்கு அப்பால் விசை செல்லாது. வழியில் ‘ரிப்பீட்டர்’ என்னும் கருவியை வைத்தால் விசை மீண்டும் 15 ஆகும்; ஆனால் அது நாம் அமைக்கும் அளவுக்கேற்ப ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்கு முதல் பத்தில் நான்கு பங்கு வரை தாமதிக்கும். ‘பிஸ்டன்’ 12 கட்டைகள் வரை தள்ளும். ‘கம்பாரேட்டர்’ இரு விசைகளை ஒப்பிடும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும். பெட்டியில் பொருள் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதையும் விசையின் அளவாகவே அறிவிக்கும். எல்லாவற்றிலும் எளியது ‘டார்ச்’ என்னும் தீவட்டி. அதைத் தாங்கும் கட்டைக்கு விசை வந்தால் அது அணையும். விசை நின்றால் எரியும். அதாவது, ‘ஆம்’ என்பதை ‘இல்லை’ ஆக்குவதும், ‘இல்லை’ என்பதை ‘ஆம்’ ஆக்குவதும் அதன் தொழில்.

மதுரையில் பிறந்தவர் கண்ட விதி

வங்கியில் நகைப் பெட்டகம் வைத்திருப்போர் ஒன்றை அறிவர். நம் சாவி மட்டும் இருந்தால் பெட்டகம் திறவாது, வங்கியாரின் சாவி மட்டும் இருந்தாலும் திறவாது, இரண்டும் சேரவேண்டும். இத்தகைய பூட்டொன்றைச் சிறுவன் தன் கட்டை வீட்டின் கதவுக்கு அமைக்க விரும்புகிறான் என்று கொள்வோம். ‘இதுவும் அதுவும்’ என்று சொல்லும் கருவி எதுவும் அவ்விளையாட்டில் ஆயத்தமாக இல்லை. அவன் செய்வது யாது? இரண்டு நெம்புகோல்களுக்கும் தனித்தனியே ஒவ்வொரு தீவட்டி வைக்கிறான். நெம்புகோலை இயக்கினால் அதன் தீவட்டி அணையும். அவ்விரு தீவட்டிகளையும் ஒரே கம்பியில் இணைக்கிறான். ஏதேனும் ஒன்று எரிந்தாலும் கம்பியில் விசை இருக்கும். அக்கம்பியை மூன்றாம் தீவட்டி தாங்கும் கட்டையில் கொண்டு சேர்க்கிறான். முதல் இரண்டும் அணைந்தால்தான் மூன்றாவது எரியும். கதவு அதன் கட்டளைப்படி திறக்கிறது.

‘இதுவும் அதுவும் உண்டு’ என்பதும், ‘இது இல்லை அல்லது அது இல்லை என்பது பொய்’ என்பதும் ஒன்றே என்னும் தர்க்க விதியைத்தான் அச்சிறுவன் தன் கையால் கட்டி முடித்திருக்கிறான். கல்லூரிப் பாடநூல்களில் அவ்விதி டி மார்கன் என்பவர் பெயரால் வழங்குகிறது. அகஸ்டஸ் டி மார்கன் 1806-ஆம் ஆண்டில் நம் மதுரையில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டவர். பின்னர் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதற் கணிதப் பேராசிரியராக விளங்கியவர். அவர் காலத்தவரான ஜார்ஜ் பூல் 1854-இல் தர்க்கத்தைக் கணிதமாக்கி விரிவாக எழுதினார். 1937-இல் கிளாட் ஷானன் என்னும் அமெரிக்க மாணவர், அந்தக் கணிதமும் மின்விசைச் சுற்றுகளும் ஒன்றே என்று தம் ஆய்வேட்டில் நிறுவினார். இன்றைய கணினிகள் யாவும் அவ்வடித்தளத்தின்மேல் நிற்பவை. நூறாண்டுக்கு மேற்பட்ட அறிஞர் உழைப்பின் சாரத்தைப் பத்து வயதுச் சிறுவன் செந்தூளில் தடவிப் பார்க்கிறான் என்றால் அதனை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடலாகாது.

விதி மறைந்தால் பாடம் கெடும்

சுற்று அமைப்பவன் முதன்முறையே வெற்றி பெறுவதில்லை. கதவு திறவாது, விளக்கு எரியாது. அப்போது அவன் ஒவ்வோர் இணைப்பாக ஆராய்ந்து, ‘பிழை இங்கே’ என்று காண்கிறான். இவ்விளையாட்டின் மெய்யான கல்வி அக்கணத்திலேயே நிகழ்கிறது. அதற்கு ஒன்று இன்றியமையாதது: விதிகள் ஆராய்ச்சிக்கு எட்டுவனவாக இருத்தல் வேண்டும். தன் பிழையால் சுற்று நின்றதா, விளையாட்டின் மறைவான வழக்கத்தால் நின்றதா என்று பிரித்தறிய இயலாத சிறுவன், ‘எனக்கு இது வராது’ என்னும் முடிவுக்கு வந்துவிடுவான். திருத்தங்களை எடைபோட நாம் கொள்ளும் அளவுகோல் இதுவே.

முதற் குறை, பதிப்புகள் இரண்டாயிருத்தல். கணினியில் மட்டும் ஆடப்படுவது ஜாவா பதிப்பு. கைப்பேசி முதலிய மற்றக் கருவிகளிலும் கணினியிலும் ஆடப்படுவது பெட்ராக் பதிப்பு. கணினிக்கு வாங்குவோருக்கு 2022 ஜூன் முதல் இரண்டும் சேர்த்தே விற்கப்படுகின்றன. எனினும் இரண்டின் சுற்று விதிகளும் ஒன்றல்ல. ஜாவாவில் பொருட்பெட்டியைப் பிஸ்டன் நகர்த்தாது, பெட்ராக்கில் நகர்த்தும். ஒட்டும் பிஸ்டனுக்கு மிகக் குறுகிய துடிப்புக் கொடுத்தால் ஜாவாவில் அது கட்டையை விட்டுவிட்டுத் திரும்பும்; பெட்ராக்கில் கட்டையோடு திரும்பும். தில்லியிலிருக்கும் பிள்ளை ஜாவாவில் அமைத்த சுற்றைத் திருநெல்வேலியிலிருக்கும் அத்தை மகனுக்குப் படமெடுத்து அனுப்புகிறான். கைப்பேசியில் அப்படியே கட்டியும் அங்கே அது இயங்குவதில்லை. இருவரும் ஒரே உலகில் கூடி ஆடவும் வழியில்லை. ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு உறவைப் பிணைக்கும் இழையாக இருக்கக்கூடிய ஒன்று, ‘நீ சொன்னது தவறு’ என்னும் பிணக்கில் முடிகிறது. இரு பதிப்பிலும் சுற்று விதி ஒன்றாதல் வேண்டும் என்பது நம் முதல் வேண்டுகோள்.

இரண்டாவது, ஜாவா பதிப்பின் பிஸ்டனுக்குள்ள விந்தை வழக்கம். தன்னைத் தொடாத விசைக்கும் அது இயங்கும். தன் தலைக்குமேலுள்ள கட்டத்துக்கு விசை எட்டினாலே போதும், அக்கட்டம் வெற்றிடமாக இருந்தாலும் சரி. இது எவ்வாறு நேர்ந்தது? கதவு இரண்டு கட்ட உயரமுடையது. மேற்பாதிக்கு விசை வந்தாலும் அது திறக்கவேண்டும். அக்கதவுக்கென எழுதப்பட்ட விதி பிஸ்டனுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. இதனை ஒழித்துவிடுக என்று சொல்வது எளிது. ஆனால் இவ்வழக்கத்தையே பற்றுக்கோடாகக் கொண்டு பல ஆண்டுகளாக நுட்பமான பொறிகளைச் சமைத்தவர் எண்ணற்றோர். அவர்கள் உழைப்பை ஓரிரவில் பாழாக்குதல் முறையன்று. புதிய உலகம் ஒன்றைத் தொடங்கும்போதே ‘பழைய விதி வேண்டுமா, நேர் விதி வேண்டுமா’ என்று கேட்டுத் தேர்ந்துகொள்ளச் செய்யலாம். பழையோர் பொறிகளும் பிழைக்கும். புதியோர் குழப்பமும் தீரும்.

மூன்றாவது, வரிசை பற்றியது. கம்பி ஒன்றில் விசை மாறும்போது அதன் அண்டைக் கட்டைகளுக்குச் செய்தி ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கிறது. ஜாவாவில் அவ்வரிசை, கட்டை எவ்விடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தும் மாறுகிறது. ஆகவே ஓரிடத்தில் இயங்கிய பொறி நான்கு கட்டம் தள்ளிக் கட்டினால் இயங்காமற் போவதுண்டு. பெட்ராக்கிலோ, ஒரே கணத்தில் விசை பெறும் இரு பிஸ்டன்களுள் எது முந்தும் என்பது உறுதியில்லை. ஜாவாவின் வரிசையைச் சீராக்கும் முயற்சி ஒன்று 2024-இல் சோதனைக் கூறாக வெளிவந்தது, அது வரவேற்கத்தக்கது. விசையின் ஊற்றுக்கு அருகிலுள்ளது முதலில், தொலைவிலுள்ளது பின்னர் என்னும் முறை குழந்தைக்கும் விளங்கும். சமதொலைவில் இரண்டு இருப்பின், இடமா வலமா முந்தும் என்பதையும் அறிவித்துவிட்டால் போதும்.

நான்காவது, கம்பி. தூள் தரையில் கிடக்குமேயன்றிச் சுவரில் நேராக ஏறாது. படிபோல் கட்டை வைத்தே ஏற்றவேண்டும். இரண்டு கம்பிகள் அடுத்தடுத்து ஓடினால் ஒன்றோடொன்று கலந்துவிடும். இரண்டு எண்களைக் கூட்டும் சிறு பொறிக்கும் பெருங்கூடம் தேவையாவது இதனால்தான். உறையிட்ட கம்பி ஒன்று, வண்ணத்துக்கு ஒன்றாக, சுவரிலும் ஏறும்படி தரலாம். ‘ரெட்பவர்’ என்னும் மாற்றத் தொகுப்பில் ஆர்வலர் பல்லாண்டுக்கு முன்பே இதனைச் செய்து காட்டினர். நம் வீட்டுச் சுவரில் ஓடும் மின்கம்பிகளுக்குச் சிவப்பும் கறுப்பும் பச்சையும் ஏன் என்று கேட்கவும் அது பிள்ளைகளைத் தூண்டும்.

ஐந்தாவது, அளவும் வேகமும். விசை 9-ஆ 10-ஆ என்பதைத் தூளின் ஒளியைக் கொண்டு கண்ணால் மதிப்பிடுவது கடினம். ஜாவாவில் சோதனைத் திரையைத் திறந்தால் எண்ணைக் காணலாம். ஆனால் அத்திரை சிறுவரை மருட்டும் எழுத்துக் காடு. மின்பணியாளர் கையிலுள்ள டெஸ்டரைப் போல, தொட்டால் எண்ணைக் காட்டும் எளிய கருவி ஒன்று வேண்டும். மேலும், இவ்விளையாட்டின் கடிகாரம் வினாடிக்கு 20 முறை துடிக்கிறது. அவ்வேகத்தில் எது முன், எது பின் என்று கண் பிடிக்காது. காலத்தை நிறுத்தி ஒவ்வொரு துடிப்பாக நகர்த்தும் கட்டளை 2023 டிசம்பரில் ஜாவாவுக்கு வந்தது. அதனைத் தட்டச்சுக் கட்டளையாக வைக்காமல் ஒரு பொத்தானாக இரு பதிப்பிலும் வைத்தால் பிழை காணும் கலை எல்லோர்க்கும் உரியதாகும்.

எளிமைக்கும் எல்லையுண்டு

‘இவ்வளவு தொல்லை எதற்கு? இதுவும் அதுவும் என்னும் கருவியையே ஆயத்தமாகத் தந்துவிடலாமே’ என்பார் உண்டு. நாம் அதற்கு உடன்படோம். மூன்று தீவட்டிகளால் கட்டியவன் டி மார்கன் விதியை அறிவான். பெட்டியை வாங்கி வைத்தவன் பெட்டியின் பெயரை மட்டும் அறிவான். வேண்டுமாயின், ஒருமுறை தானே கட்டி இயக்கிக் காட்டிய சுற்றை ஒரு கட்டைக்குள் சுருக்கிக்கொள்ளும் உரிமையைத் தரலாம். தெரிந்த கூட்டலை மனக்கணக்காகச் செய்ய அனுமதிப்பது போன்றது அது.

எல்லாப் புதுக் கருவியும் தீது என்பதும் நம் கருத்தன்று. 2024 ஜூன் மாதப் பதிப்பில் செப்பு விளக்கு ஒன்று வந்தது. ஒரு துடிப்புக்கு எரியும். மறு துடிப்புக்கு அணையும். இடையில் தன் நிலையை நினைவில் வைத்திருக்கும். முன்னர் இதற்குப் பல உறுப்புகள் தேவைப்பட்டன. ஒரே விதி, கண்ணுக்குத் தெரியும் விதி, அவ்விதியிலிருந்து புதிய பொறிகள் பல. நல்ல திருத்தத்துக்கு இதுவே இலக்கணம்.

நாம் செய்யக்கூடியது

மேற்கூறியவை நிறைவேறுவது விளையாட்டை ஆக்குவோர் கையில் இருக்கிறது. அதுவரை நாம் வாளாவிருக்க வேண்டியதில்லை. பிள்ளையின் அருகில் அமர்ந்து, ‘நம் மாடிப்படி விளக்கைக் கீழிருந்தும் மேலிருந்தும் போடவும் அணைக்கவும் முடிகிறதே, அதைச் செந்தூளில் கட்டிக் காட்டு’ என்று கேளுங்கள். கட்டுவது எளிதன்று, இரண்டு மூன்று மாலைகள் ஆகலாம். பொறி இயங்காதபோது திரையை அணைக்கச் சொல்லாமல், ‘எதுவரை விசை வந்தது?’ என்று வினவுங்கள். ஒரு தாளில் வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். தாளிலும் சரி, கட்டையிலும் சரி என்றால், ‘உன் தர்க்கத்தில் குறையில்லை, விளையாட்டின் விதி வேறுபடுகிறது போலும்’ என்று சொல்லும் ஒரு பெரியவர் அருகிலிருப்பது குழந்தைக்குப் பேருதவி.

மற்றொன்றும் உண்டு. ஜாவா பதிப்பின் மொழிப் பட்டியலில் தமிழும் இடம்பெற்றிருக்கிறது. அம்மொழிபெயர்ப்பு தன்னார்வலர் உழைப்பால் நடைபெறுவது. பள்ளியில் இந்தியோ மராத்தியோ வங்காளமோ பயிலும் நம் பிள்ளைகள், தம் விருப்பமான விளையாட்டில் தமிழெழுத்தைக் கூட்டிப் படிக்க அது ஒரு வாயில். வாரத்தில் ஒருநாள் மொழியை மாற்றி வைத்து ஆடச் சொல்லலாம். பொருந்தாத சொல்லைக் கண்டால் பொருந்தும் சொல் யாது என்று வீட்டில் எல்லோரும் கூடி எண்ணலாம்.

மதுரையில் பிறந்து கடல் கடந்து சென்ற குழந்தையொன்றின் பெயரை உலகெங்கும் மாணவர் தர்க்க வகுப்பில் இன்றும் சொல்கின்றனர். ஊர்விட்டு வந்த நம் பிள்ளைகளின் கைகளிலும் அவ்விதியே விளையாடுகிறது. ஆராய்ந்தால் விளங்கும் விதிகளை அவர்களுக்கு அளிப்பது ஆக்குவோர் கடமை. ஆராயும் பொறுமையை அளிப்பது நம் கடமை.