கழுத்துக் கட்டியும் குடும்பக் கடிதமும்

தைராய்டுப் புற்றுநோய்க்கு அஞ்ச வேண்டியதில்லை, அயோடின் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று நம்மவர் பலர் கூறக் கேட்கிறோம். பெரும்பாலான வகைகளுக்கு இது ஓரளவு பொருந்தும். ஆயின் 'மெடுல்லரி' என்னும் அரிய வகைக்குச் சிறிதும் பொருந்தாது. 1959-ஆம் ஆண்டில் ஹசார்டு முதலிய அமெரிக்க மருத்துவர்கள் இதனைத் தனி நோயாகப் பிரித்துக் காட்டினர்.

இந்நோய் தோன்றும் 'சி' அணுக்கள் அயோடினை ஏற்பதில்லை. ஆகவே சுரப்பி முழுவதையும், கழுத்து நடுவிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் அறுத்தெடுப்பதே முதற் சிகிச்சை. பின்னர் ஆயுள் முழுதும் தைராக்ஸின் மாத்திரை உட்கொள்ள வேண்டும். இவ்வணுக்கள் சுரக்கும் கால்சிட்டோனினை இரத்தத்தில் அளந்து, நோய் மீண்டதா என அறிகின்றனர். அவ்வளவு ஆறு மாதத்திற்குள் இரட்டித்தால் நோய் விரைவானது. இரட்டிக்க இரண்டாண்டுக்கு மேலானால் மெதுவானது.

சுரப்பிக்குள் அடங்கியிருக்கையில் கண்டறியப்பட்டோரில் நூற்றுக்கு 90-க்கு மேற்பட்டோர் பத்தாண்டு கடந்தும் வாழ்கின்றனர். நுரையீரல், கல்லீரல், எலும்பு எனப் பரவிய பின்னரோ அத்தொகை 40 அளவிற்கு இறங்கிவிடுகிறது. அமெரிக்காவில் 2011-இல் வாண்டெடானிப், 2012-இல் கபோசான்டினிப், 2020-இல் செல்பெர்காடினிப் ஆகிய மருந்துகள் அனுமதி பெற்றன. இவை நோயைப் பல காலம் அடக்கி வைக்கின்றன. வேரோடு களைவது அரிது.

நிற்க. நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வேறொன்று. இந்நோயாளிகளில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு இது பரம்பரையாக வருவது. 'ரெட்' என்னும் மரபணுவின் மாற்றமே காரணம் என்பது 1993-இல் தெளிவாயிற்று. அம்மாற்றமுடைய தாய் அல்லது தந்தையின் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வரும் வாய்ப்புப் பாதிக்குப் பாதி. குடும்பத்தில் எவருக்கும் நோய் இல்லையெனத் தோன்றினும், நோயாளி இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். மாற்றம் உள்ள குழந்தைகளுக்கு, அதன் கடுமைக்கேற்ப, புற்று தோன்றுமுன்னரே சுரப்பியை எடுத்துவிடுகின்றனர். சிலருக்கு ஐந்து வயதிலேயே.

வரன் பார்க்கும் வேளையில் இதனை வெளியிடலாமா என்று மூடி மறைப்போர் உளர். அண்ணன் நாகபுரியில், தங்கை கல்கத்தாவில், சித்தப்பா தஞ்சையில் என்று சிதறி வாழும் நம் போன்ற குடும்பங்களில் ஒருவர் மௌனம் மற்றவர் குழந்தையின் கழுத்துக்கு வினையாகும். எழுதுங்கால் 'கழுத்துக் கட்டி' என்று மட்டும் எழுதுவது, எண்ணில்லாத ரசீதைக் கொண்டு பார்சல் தேடுவது போலாம். 'மெடுல்லரி' என்ற பெயரையும், அறிக்கையிற் கண்ட மரபணு மாற்றத்தின் குறியீட்டையும் அப்படியே பார்த்தெழுதி அனுப்புக. அக்குறியீடு கையிலிருந்தால் உறவினர்க்கு மரபணுவின் அந்த ஓரிடத்தை மட்டும் சோதித்தாற் போதும்.